பிளந்த நகம்

பிப்ரவரி 6

தம்பிக்கு,

உறையின் மேல் கையெழுத்தைப் பார்த்ததுமே யாரென்று கண்டுபிடித்திருப்பாய். பிரிக்காமல் குப்பையில் போட்டிருக்கவும் கூடும். பிரித்துவிட்டாய் என்றால் கடைசி வரி வரைக்கும் படித்துவிடு.

மூன்று வருடம் ஆகிறது. அப்பா இறந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "அப்பாவை முழுசாக்கூட அனுப்ப விடல நீ. இனிமே எனக்கு அக்காவே கிடையாது." நானும் சும்மா இருக்கவில்லை. "போடா, உனக்கு என்ன தெரியும்" என்றேன். அவருடைய மூளையை எங்கள் ஆய்வகத்துக்கு எடுத்துக்கொண்டு போன பெட்டியின் பின்னாலேயே நானும் போய்விட்டேன். உன்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. இப்போது அடித்துப் பார்த்தால் உன் பழைய நம்பருக்கு மணியே போகவில்லை.

இப்போது எழுத ஒரு காரணம் இருக்கிறது. அதை எழுத உட்கார்ந்தால் பேனா நகர மாட்டேன் என்கிறது. நாலு நாளில் நாலு தாள் கிழித்தாகிவிட்டது. அதனால் சுற்றி வளைத்துக் கேட்கிறேன். எப்படி இருக்கிறாய்? உன் மனைவி எப்படி இருக்கிறாள்? உன் மகள், நம் வாயாடி, இப்போது மூன்றாம் வகுப்பா, நாலாம் வகுப்பா? அந்தப் பல் செட் செய்யும் கடையில்தானே இன்னும் வேலை பார்க்கிறாய்? கை எப்படி இருக்கிறது?

கையை ஏன் கேட்கிறேன் என்று யோசிக்காதே. அப்பாவுக்கு அங்கேதானே ஆரம்பித்தது. சட்டைப் பொத்தான் போடத் தெரியாமல் கண்ணாடி முன்னால் கால் மணி நேரம் நிற்பாரே. அது பிள்ளைகளுக்கு இறங்குகிற நோய், நமக்குப் பாதிக்குப் பாதி என்று டாக்டர் சொன்னபோது நீயும் பக்கத்தில்தான் இருந்தாய். நான் ரத்தம் கொடுத்துப் பார்த்துவிட்டேன். எனக்கு இல்லை. பார்த்து இரண்டு வருடம் ஆகிறது. அன்றைக்கே உனக்குச் சொல்லியிருக்க வேண்டும். நல்ல சேதியைச் சொல்லவே வெட்கமாக இருந்தது.

பதில் எழுது. திட்டியாவது எழுது.

அக்கா


பிப்ரவரி 19

விஞ்ஞானி அக்காவுக்கு,

உன்னை மாதிரி எனக்கு எழுத்துத் தமிழ் வராது. வாய்ல வர்றதைத்தான் எழுதுவேன். திட்டியாவது எழுதுன்னு கேட்டிருக்கே. வாய்விட்டுக் கேட்ட பிறகு இல்லன்னு சொன்னா நல்லா இருக்காது.

மூணு வருஷமா தம்பி இருக்கானா போனானான்னு எட்டிப் பாக்கல. இப்ப திடீர்னு கை எப்படி இருக்குன்னு ஒரு விசாரணை. ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதைதான்.

என் கை நல்லாத்தான் இருக்கு. போன வருஷக் கடைசி வரைக்கும் வாரத்துக்குப் பதினோரு செட் முடிச்சிருக்கேன். மெழுகுல ஒவ்வொரு பல்லா நட்டு, ஈறு வரைக்கும் கத்தியால சீவி, மேல்வரிசையும் கீழ்வரிசையும் கடிச்சுப் பாத்தா ஒரு தாள் நுழையக் கூடாது. அந்த வேலை பாக்குற கை இது. இந்த மாசம் முதலாளி என்னைப் பிளாஸ்டர் அச்சு ஊத்துற பக்கம் மாத்தியிருக்கார். ஒரு மாறுதலுக்குத்தான்.

அப்பா விஷயத்துக்கு வர்றேன். மூளையை எடுத்துக்கலாம்னு எழுதின அந்தக் காகிதத்துல அவர் போட்ட கையெழுத்தைப் பாத்தேன். மண்புழு ஊர்ந்த மாதிரி இருந்துச்சு. என்ன எழுதியிருக்குன்னு படிக்கக்கூட அவரால முடிஞ்சிருக்காது. நீ கையைப் புடிச்சுப் போட வெச்சே. பெத்த பிள்ளை நான் ஒருத்தன் இருக்கேனே, ஒரு வார்த்தை கேட்டியா? அப்பா இப்ப எந்த அலமாரில இருக்கார்? மேல் தட்டா, கீழ்த் தட்டா? அவருக்குக் குளிர் ஆகாது. மின்விசிறி போட்டாலே போர்வை கேப்பார். நீ அவரை ஃப்ரீசர்ல வெச்சிருக்கே.

போன் நம்பரை மாத்திட்டேன். புது நம்பர் தர மாட்டேன். போன்ல பேசினா உடனே சண்டை வரும். கடிதம்னா நடுவுல எழுந்து போய் டீ குடிச்சுட்டு வந்து நிதானமாத் திட்டலாம்.

உனக்கு இல்லன்னு எழுதியிருந்தே. சந்தோஷம்க்கா. நிஜமாத்தான் சொல்றேன். அந்த ஒரு வரியை மட்டும் என் பொண்டாட்டியை ரெண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டேன்.

தம்பி


மார்ச் 3

தம்பிக்கு,

உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். வரிகள் வலது பக்கம் போகப் போகச் சரிந்துகொண்டே போகின்றன. நீ கோடு போடாத தாளில் எழுதினாலும் நேராக எழுதுகிறவன்.

அந்தக் கையெழுத்து நடந்த மதியம் நீ வேலைக்குப் போயிருந்தாய். நான் காகிதத்தை வரிவரியாகப் படித்துக் காட்டினேன். அவர் கையைப் பிடிக்கவில்லை. அடியில் வைத்திருந்த அட்டையை மட்டும்தான் பிடித்திருந்தேன். போட்டு முடிக்க நாலு நிமிடம் ஆனது. "பசங்களுக்கு உதவும்னா எடுத்துக்கோ" என்றார். நாக்குக் குழறியது, மூன்று தடவை சொன்னார். உன்னைக் கேட்காதது என் தப்பு. மறந்துபோய்க் கேட்காமல் இருக்கவில்லை. கேட்டால் நீ வேண்டாம் என்பாய் எனத் தெரிந்துதான் கேட்கவில்லை.

அவர் நாலாவது அலமாரியில், மேலிருந்து இரண்டாவது தட்டில் இருக்கிறார். பெயர் இல்லை, ஓர் எண்தான். ஃப்ரீசரில் இல்லை. சின்னச் சின்னத் துண்டாக மெழுகில் பதித்து வைத்திருக்கிறார்கள். நீ தினமும் கையில் எடுக்கும் அதே மாதிரி மெழுகுதான். நான் அந்தக் கதவை இதுவரை திறந்ததில்லை.

என் வேலை என்னவென்று நீ கேட்டதே இல்லை. நான் கை பார்க்கிறேன். ஜோசியக்காரியா என்று சிரிக்காதே. அப்பாவின் நோய்க்கு ஒரு புது மருந்தைச் சோதித்துக்கொண்டிருக்கிறார்கள். மூளை நரம்புகளைச் சாகடிக்கும் கெட்ட புரதம் ஒன்று உடம்பிலேயே உண்டாகிறது. அதைக் குறைக்கிற மருந்து. முதுகெலும்பு வழியாக ஊசி போடுவார்கள். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர். யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாது. பல ஊர் ஆஸ்பத்திரிகளில் இதில் சேர வருகிறவர்களை வீடியோ எடுப்பார்கள். கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் பத்துத் தடவை தட்ட வேண்டும். முகமும் பெயரும் இல்லாமல், கை மட்டும் எங்கள் அறைக்கு வரும். பார்த்து மதிப்பெண் போடுவோம். பூஜ்யம் நல்ல கை. நாலு, தட்டவே முடியாத கை. குறைந்தது இரண்டு இருந்தால்தான் சேர்த்துக்கொள்வார்கள். நோய் கையில் இறங்கியிருந்தால்தானே மருந்து அதைத் தடுக்கிறதா என்று பார்க்க முடியும்.

எங்கள் அறைக்கு ஒரு கண்டிப்பான விதி உண்டு. தெரிந்தவர் கையோ என்று சந்தேகம் வந்தாலே வீடியோவை மூடிவிட்டு எழுந்து போய்த் தலைமை டாக்டரிடம் சொல்ல வேண்டும். வேறு ஆள் மதிப்பெண் போடுவார்.

இதையெல்லாம் உனக்கு ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. தெரியும். அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

அக்கா


மார்ச் 21

அக்கா,

உன் அடுத்த கடிதம் வர்ற வரைக்கும் என்னால பொறுக்க முடியாது. நல்ல சேதி. உக்காந்து படி.

மொதல்ல கெட்டதைச் சொல்லிடறேன். எனக்கு இருக்குக்கா. ரத்தம் பாத்து ஒரு வருஷமாச்சு. அவளுக்குத் தெரியும், சின்னதுக்கு, அதான் உன் வாயாடிக்கு, தெரியாது. முதலாளி என்னை மாறுதலுக்கு மாத்தல. மூணு செட் கோணலாப் போய்த் திரும்பி வந்துச்சு. ஒரு பெரியம்மா சிரிச்சா வாய் மட்டும் தனியா ஒரு பக்கமாப் போகுதாம். போன் நம்பர் தராததுக்கும் சண்டை காரணம் இல்ல. சாயங்காலமானா நாக்கு தடிச்சுப் போகுது. ரெண்டு வார்த்தை பேசினா நீ கண்டுபிடிச்சிடுவே.

இப்ப நல்லது. நீ எழுதியிருந்தியே, அதே சோதனைக்கு ஜனவரில இங்க பெரிய ஆஸ்பத்திரில போய்ப் பேர் கொடுத்தேன். கேமரா முன்னால உக்காத்தி வெச்சுத் தட்டச் சொன்னாங்க. தட்டிட்டு வந்தேன். அந்த வீடியோ உங்க இடத்துக்குத்தான் வரும்னு உன் கடிதம் படிச்சதுக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது. பதில் போன வாரம் வந்துச்சு. சேத்துக்க முடியாதாம். ஏன்னு கேளு. என் கைக்கு ஒண்ணுதானாம்! அந்த அளவுக்கு நோய் இல்லியாம்!

இங்க டாக்டருக்கு முகமே சரியில்ல. "ரெண்டு வரும்னு நெனச்சேனே, பதினஞ்சாம் தேதியோட சேர்க்கையும் முடிஞ்சுதே"ன்னு பேனாவைத் தட்டிக்கிட்டே இருந்தார். நான் சொன்னேன், "விடுங்க டாக்டர், பள்ளிக்கூடத்துல கம்மி மார்க் வாங்கினா அடி விழும், இங்க கம்மி மார்க் வாங்கினா வீட்டுக்குப் போலாம்." வர்ற வழில மூணு பேரும் ஐஸ்கிரீம் சாப்பிட்டோம். என்ன விசேஷம்னு சின்னது கேட்டுச்சு. அப்பா பரீட்சைல ஃபெயிலாயிட்டேன்னு சொன்னேன். விழுந்து விழுந்து சிரிச்சுது. அவ பாத்திரம் தேய்க்கும்போது பாட்டு முணுமுணுத்தா. அதைக் கேட்டுப் பத்து மாசம் இருக்கும்.

மறுநாள் அந்தக் காகிதத்தை முதலாளி மேஜை மேல வெச்சேன். பாருங்க, படிச்சவங்க பாத்துச் சொல்லியிருக்காங்கன்னேன். கத்தியைத் திருப்பிக் கொடுத்துட்டார்.

உன் பக்கத்து சீட்டுல யாரோதான் என் கையைப் பாத்திருக்காங்க. யாருன்னு விசாரி. அவங்களுக்கு வயசான காலத்துல பல்லு போச்சுன்னா ஒரு செட் என் கையால இலவசம்னு சொல்லு.

தம்பி


மார்ச் 29

தம்பி,

முதலில் கத்தியைக் கீழே வை. இந்த வரியைப் படித்ததும் வை. மீதியைப் பிறகு படித்துக்கொள்ளலாம்.

பக்கத்து சீட்டு இல்லை. நான்தான்.

பிப்ரவரி இரண்டாம் தேதி காலை. எங்கள் அறைக்கு ஜன்னல் கிடையாது. ஒரு திரை, ஒரு நாற்காலி. ஒவ்வொரு வீடியோவுக்கும் இரண்டு பேர் தனித்தனியாக மதிப்பெண் போடுவார்கள். ஒத்துப்போகாவிட்டால் மூன்றாவதாக என்னிடம் வரும். நான் போடுவதுதான் முடிவு. அன்று வந்த கைக்கு ஒருவர் இரண்டு போட்டிருந்தார், ஒருவர் ஒன்று. நான் ஓடவிட்டேன். சட்டைக் கை முழங்கை வரை மடித்திருந்தது. ஆள்காட்டிவிரல் மேலே போனதும் நகம் தெரிந்தது. நடுவில் பிளந்து இரண்டாக வளர்ந்த நகம். அம்மாவின் தையல் மெஷினில் சக்கரத்தைச் சுற்றியவள் நான், ஊசிக்கு அடியில் விரலை நீட்டியவன் நீ. உலகத்தில் வேறு யாருக்கும் அந்த நகம் இருக்க முடியாது.

உனக்கு நோய் இருக்கிறது என்பது எனக்கு அப்படித்தான் தெரிந்தது. முகம் இல்லாமல், ஒரு எண்ணுக்குக் கீழே.

எழுந்து போயிருக்க வேண்டும். வீடியோவை மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டேன். முதல் ஐந்து தட்டு சரியாக இருந்தது. ஆறாவதில் விரல் பாதியில் நின்றது. எட்டாவதில் என்ன செய்ய வந்தோம் என்பதை மறந்ததுபோல் தொங்கியது. பிறகு அவசர அவசரமாக இரண்டு தட்டு. சந்தேகத்துக்கே இடமில்லாத இரண்டு. நான் ஒன்று என்று எழுதினேன்.

ஏன் என்று நீ கேட்பாய். முதுகில் ஊசி குத்தி உன்னை அலைக்கழிப்பார்களே, அதுவும் வெறும் தண்ணீராக இருக்கலாமே என்றெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதெல்லாம் பிறகு ஒட்டவைத்த காரணம். ஒன்று என்றால் சேர்க்க மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அந்த நிமிடத்தில் சோதனையும் இல்லை, மருந்தும் இல்லை. என் தம்பி கைக்கு இரண்டு என்று என் கையால் எழுத மாட்டேன் என்பது மட்டும்தான் இருந்தது. எழுதாவிட்டால் உனக்கு வராது என்பதுபோல. இருபது வருடம் படித்தவள் செய்த காரியம் இது.

நேற்று தலைமை டாக்டரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். மதிப்பெண்ணைத் திருத்தினார்கள். சேர்க்கை முடிந்து பதின்மூன்று நாள் ஆகிவிட்டது, உன் இடம் போனது போனதுதான். மூன்றாம் தேதி உனக்கு எழுதினேனே, அன்று இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. அன்றும் அடுத்த கடிதத்தில் என்று தள்ளிப்போட்டேன்.

மன்னித்துவிடு என்று எழுத எனக்கு வாய் இல்லை. கத்தியை மட்டும் வைத்துவிடு.

அக்கா


ஏப்ரல் 14

அக்கா,

உன் கடிதத்தை நான் பிரிக்கல. பிரிக்க ரெண்டு கை வேணும். அவதான் பிரிச்சுப் படிச்சா. அதுக்கு மொத நாள் கத்தி வழுக்கி இடது உள்ளங்கைல இறங்கிடுச்சு. ஏழு தையல். மெழுகெல்லாம் ரத்தம். அந்த செட்டைத் தூக்கிப் போட்டாங்க.

அப்பாவுக்குப் பேச வாய் இல்லாதப்ப அவருக்காக நீ முடிவு பண்ணினே. எனக்கு முகம் இல்லாதப்ப எனக்காக நீ முடிவு பண்ணினே. நம்ம குடும்பத்துல மத்தவங்கல்லாம் எதுக்குப் பொறந்தோம்?

ஐஸ்கிரீம் சாப்பிட்ட கதையை உனக்கு எழுதினேனே, அதை நெனச்சாத்தான் உடம்பெல்லாம் கூசுது. அவ இப்பப் பாடறதில்ல.

எழுதாதே.


ஜூன் 8

தம்பிக்கு,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். பிரிக்காமல் வைத்துக்கொள்.

கை பார்க்கும் வேலையிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். அது நியாயம்தான். இப்போது மெழுகு அலமாரிகள் இருக்கும் அறையில் எண்களைச் சரிபார்க்கிறேன். போன செவ்வாய்க்கிழமை நாலாவது அலமாரியைத் திறந்தேன். அப்பாவின் எண்ணை எடுத்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். ஊதா நிறத்தில் ஒரு பரப்பு, அதில் கறுப்புப் புள்ளிகள். நல்ல மூளையில் புடைத்திருக்க வேண்டிய ஓர் இடம் அவருக்குச் சப்பையாகக் கிடந்தது. அவ்வளவுதான். அவர் விசில் அடிப்பது, உன்னைத் தோளில் ஏற்றிக்கொண்டு படியிறங்குவது, ஒன்றும் அதில் இல்லை. இதற்காகவா உன்னோடு மூன்று வருடம் பேசாமல் இருந்தேன் என்று தோன்றியது. அழுகை வரும் என்று கைக்குட்டை எடுத்துக்கொண்டு போயிருந்தேன். வரவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இனிமேல் உன்னிடம் எதையும் பாதி சொல்லப்போவதில்லை. யாருக்கு மருந்து, யாருக்குத் தண்ணீர் என்ற பட்டியலைத் திறக்க இன்னும் இரண்டு வருடம் ஆகும். அதுவரை மருந்து வேலை செய்கிறதா என்று யாருக்கும் தெரியாது. ஒரு நாள் பஸ்ஸில் வரும்போது, அந்த மருந்து பலிக்காமல் போகட்டும் என்று நினைத்துவிட்டேன். பலிக்காவிட்டால் நான் உனக்கு எதையும் கெடுக்கவில்லை என்றாகிவிடும் அல்லவா. அடுத்த நிறுத்தம் வருவதற்குள் வாயாடி ஞாபகம் வந்தது. அவளுக்கும் பாதிக்குப் பாதி. இறங்க வேண்டிய இடத்துக்கு முன்னாலேயே இறங்கி நடந்தே வீட்டுக்குப் போனேன்.

உள்ளங்கை ஆறிவிட்டதா?

அக்கா


ஆகஸ்ட் 17

அக்காவுக்கு,

ஆறிடுச்சு. உன் கடிதம் ரெண்டு மாசமா அலமாரி மேல கிடந்துச்சு. போன வாரம் அவ தூசி தட்டும்போது பிரிச்சுப் படிச்சா. பஸ்ல நீ நெனச்சதைப் படிச்சதும், "உங்க அக்கா இதை யார்கிட்டயும் சொல்லாம இருந்திருக்கலாமே, ஏன் சொன்னாங்க"ன்னு கேட்டா.  அன்னைக்கு ராத்திரி நல்லாத் தூங்கினேன்.

தையல் மெஷின் கதையைப் பாதி மறந்துட்டே நீ. நான் முழுசாச் சொல்றேன். ஊசி விரல்ல இறங்கினதும் நான் அழல. நீதான் அழுதே. அம்மா ஓடி வந்து என்னடான்னு கேட்டப்ப, கதவுல நசுங்கிடுச்சுன்னு சொன்னேன். ஊசின்னு சொன்னா உன் முதுகுத் தோலை உரிச்சிருப்பாங்க. ஊசி முனை உள்ளயே உடைஞ்சு நிக்குதுன்னு யாருக்குத் தெரியும்? அம்மா மஞ்சளை வெச்சுக் கட்டிவிட்டாங்க. பத்து நாள் கழிச்சு சீழ் வெச்சு, டாக்டர் கீறி எடுத்தார். அப்பதான் நகம் ரெண்டாப் போச்சு. அன்னைக்கே ஊசின்னு சொல்லியிருந்தா நகம் ஒழுங்கா முளைச்சிருக்கும். நீயும் என்னை அடையாளம் கண்டிருக்க மாட்டே. ரெண்டுன்னு போட்டிருப்பே, நான் உள்ள போயிருப்பேன். என் பொய்யை வெச்சு உன் பொய். நாம ரெண்டு பேரும் ஒரே குட்டைல ஊறின மட்டைங்க.

சிரிச்சாச்சு. இப்ப விஷயம். முதலாளி காலைல ரெண்டு மணி நேரம் மட்டும் எனக்குக் கத்தி தர்றார். கைல கனமான உறை போட்டுக்கிட்டுத்தான். நான் முடிச்ச செட்டைப் பாத்து எல்லாரும் நல்லா இருக்கு, நல்லா இருக்குங்கறாங்க. அவர் சொல்றார், கூட வேலை பாக்குறவங்க சொல்றாங்க, வீட்ல இவ சொல்றா. பாவம் பாத்துச் சொல்றாங்களா, நிஜமாச் சொல்றாங்களான்னு எனக்குத் தெரியல. அந்தப் பல்லை வாய்ல போட்டுக்கிட்டு ஒருத்தர் சாப்பிடணும்ல? எனக்கு உண்மை சொல்ல ஒரு ஆள் வேணும். யோசிச்சுப் பாத்தா நீதான் தோதா இருக்கே. சூடு கண்ட பூனை அடுப்படிக்குப் போகாது.

இந்தக் கடித உறைக்குள்ள சின்ன மெமரி கார்டு இருக்கு. பத்துத் தட்டு. மூணு மாசத்துக்கு ஒண்ணு அனுப்புறேன். நீ மார்க்கை மட்டும் எழுதணும். ஆறுதல் எழுதினா அதோட நிறுத்திடுவேன். மூணுன்னு நீ எழுதுற அன்னைக்கு நான் முதலாளிகிட்டக் கத்தியைக் கொடுத்துட்டு வெளிய வந்துடுவேன். வேற யார் சொன்னாலும் வர மாட்டேன். நீ சொன்னா வருவேன். இதுதான் உனக்குத் தண்டனைன்னு வெச்சுக்கோ.

அப்பா போட்டாரே, அதே மாதிரிக் காகிதத்துல நானும் கையெழுத்துப் போட்டுட்டேன். ஒரு நிமிஷம்தான் ஆச்சு, அவரை விட மூணு நிமிஷம் கம்மி. நாலாவது அலமாரில அவர் பக்கத்துல இடம் போட்டு வை. சின்ன வயசுலயும் உனக்குத் தனி ரூம் கொடுத்துட்டு என்னை அவர் பக்கத்துலதானே படுக்க வெச்சீங்க.

தம்பி


செப்டம்பர் 2

தம்பிக்கு,

வீடியோவை மூன்று தடவை பார்த்தேன்.

இரண்டு.

வேறு எதுவும் எழுதவில்லை.

அக்கா


டிசம்பர் 4

அக்காவுக்கு,

ரெண்டுன்னு ஒத்தை வரில எழுதி அனுப்பினியே, அவ உறையைத் திருப்பித் திருப்பிப் பாத்தா, வேற தாள் ஏதாவது விழுந்துடுச்சோன்னு. நான் சொன்னேன், இல்லடி, இதுதான் ஒப்பந்தம்.

சின்னதுக்கு இப்ப எல்லாம் தெரியும். மறைச்சுப் பாத்தோம், முடியல. தண்ணி டம்ளரை நான் ரெண்டு கையால புடிக்கறதைப் பாத்துட்டு, "அப்பா, தாத்தாவுக்கு வந்ததா"ன்னு கேட்டுடுச்சு. அடுத்த கேள்வி என்னன்னு உனக்கே தெரியும். எனக்கும் வருமாப்பான்னுது. தெரியாதுன்னு சொன்னேன். நீ வளர்ந்து பெரியவளான பிறகு தெரிஞ்சுக்கணுமா வேணாமான்னு நீயே முடிவு பண்ணு, நானோ அம்மாவோ அத்தையோ முடிவு பண்ண மாட்டோம்னு சொன்னேன். அதுக்குள்ள அத்தை மருந்து கண்டுபிடிச்சிடுவாங்களான்னு கேட்டுச்சு. அத்தை ஒருத்தியால முடியாது, நிறைய பேர் சேந்து பாக்குறாங்கன்னேன். மருந்து போடாதவங்களுக்கு நோய் எப்படிப் போகுதுன்னு தெரிஞ்சுக்க இங்க டாக்டர் என்னையும் ஒரு பட்டியல்ல சேத்திருக்கார். வருஷத்துக்கு ரெண்டு தடவை போய் நடந்து காட்டணும், தட்டிக் காட்டணும். சரின்னுட்டேன்.

கார்டு உள்ள இருக்கு.

தம்பி


டிசம்பர் 13

தம்பிக்கு,

இரண்டு.

மூன்றுக்கு மிகவும் பக்கத்தில் நிற்கிற இரண்டு. அப்படியொரு மதிப்பெண் கிடையாது என்பதால் இரண்டு.

அக்கா


மார்ச் 2

அக்காவுக்கு,

எழுத்து கிறுக்கலா இருந்தா கோச்சுக்காதே. காலைலதான் எழுதுறேன், அப்பவும் இப்படித்தான் வருது.

இந்தத் தடவை வீடியோவைச் சின்னதுதான் எடுத்துச்சு. எண்ணுறதும் அதுதான். நீ அதோட குரலைக் கேட்டு நாலு வருஷம் இருக்கும்ல. பத்துன்னு அது சொல்லும்போது நான் பத்தாவது தட்டை முடிச்சுட்டேன். ஒண்ணுகூட விடல. போன தடவையைவிட இது நல்லா வந்திருக்குன்னு எனக்கே தெரியுது. முதலாளிகிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன், அடுத்த மாசம் கஷ்டமான ஒரு செட் இருக்கு, நானே பண்றேன்னு.

சீக்கிரம் எழுது.

தம்பி


மார்ச் 9

தம்பிக்கு,

வாயாடியின் குரல் அப்படியே அம்மாவின் குரல். அதை ஐந்து தடவை கேட்டேன்.

ஒன்றிலிருந்து ஐந்து வரை அவள் கடகடவென்று எண்ணுகிறாள். ஆறுக்குப் பிறகு, உன் விரல் வந்து சேரும்வரை அடுத்த எண்ணைச் சொல்லாமல் காத்திருக்கிறாள்.

ஆறாவது தடவை சத்தத்தை நிறுத்திவிட்டு, விரலை மட்டும் பார்த்தேன்.

மூன்று.

அக்கா